மெதுவா போங்க, சாம்பியன்!

பனிச்சறுக்கு வீரர்களின் மார்புப் பட்டைக்குள் ஒரு திரைமறைவுப் பயணம்

நெடுந்தூரப் பனிச்சறுக்குப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறீர்களா? மேடும் பள்ளமுமான காட்டுப் பாதையில் 30 கிலோமீட்டர், 50 கிலோமீட்டர் என்று சறுக்கி வந்து, முடிவுக் கோட்டைத் தாண்டியதும் பனியிலேயே பொத்தென்று விழுவார்கள். கேமரா முகத்தைக் காட்டும், கொடியைக் காட்டும், கடிகாரத்தைக் காட்டும். அந்த ஒரு பந்தயத்துக்குப் பின்னால் இருக்கும் ஆயிரக்கணக்கான மணி நேரப் பயிற்சியை மட்டும் காட்டாது. அதையெல்லாம் ஒன்றுவிடாமல் பார்த்த சாட்சி ஒன்று உண்டு. பயிற்சிச் சட்டைக்கு அடியில், நெஞ்சைச் சுற்றிக் கட்டியிருக்கும் இரண்டு விரல் அகலப் பட்டை!

இதயத் துடிப்பை எண்ணும் அந்தப் பட்டைக்கு என்ன வேலை இருக்கும்? ‘இன்னும் வேகம், இன்னும் வேகம்’ என்று வீரர்களை விரட்டும் என்றுதான் நினைக்கத் தோன்றும். உள்ளே எட்டிப் பார்த்தால் அசந்துபோவீர்கள். வாரத்தின் பெரும்பாலான நாட்களில் அது உலக சாம்பியன்களைப் பார்த்து, ‘மெதுவா போங்க, இன்னும் மெதுவா’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறது! விளையாட்டு உலகில் இதைவிட எனக்குப் பிடித்த ரகசியம் வேறு இல்லை. வாருங்கள், உள்ளே போவோம்.

முதல் கதவு: ஆய்வகம்

நார்வே நாட்டின் ட்ரோன்ட்ஹைம் நகரம். அங்குள்ள அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பனிச்சறுக்கு ஆராய்ச்சிக்குப் பேர்போனது. அங்கே இருக்கும் ட்ரெட்மில்லை உடற்பயிற்சிக் கூடத்தில் நாம் பார்க்கும் இயந்திரத்தோடு சேர்த்து நினைக்காதீர்கள். இரண்டு கைகளிலும் கோல் ஊன்றி, சக்கரம் வைத்த சறுக்குப் பலகைகளில் ஒருவர் கால் விரித்துச் சறுக்கும் அளவுக்கு அகலமானது! கோடைக்காலத்தில் பனி இருக்காதே. அதனால் ரோலர் ஸ்கீ என்ற இந்தச் சக்கரப் பலகைகள்தான் அப்போது துணை. தடுமாறினால் தாங்கிக்கொள்ள மேலே இருந்து ஒரு கயிறு வீரரின் உடம்போடு பிணைந்திருக்கும்.

சோதனை சுலபமாகத்தான் தொடங்கும். சில நிமிடம் நிதானமான வேகம். நிறுத்துவார்கள். விரல் நுனியிலோ காது மடலிலோ சின்னக் குத்து. ஒரு சொட்டு ரத்தம். அதில் லாக்டேட் எவ்வளவு என்று உடனே பார்ப்பார்கள். தசை கடுமையாக உழைக்கும்போது ரத்தத்தில் சேரும் பொருள் அது. பிறகு வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவார்கள், அல்லது ட்ரெட்மில்லின் ஏற்றத்தை உயர்த்துவார்கள். மறுபடியும் ஒரு சொட்டு. ஒவ்வொரு படியிலும் லாக்டேட் அளவும் இதயத் துடிப்பும் பக்கத்தில் பக்கத்தில் பதிவாகும். கடைசிப் படியில் இனி முடியாது என்கிற வரைக்கும் போய், அந்த மனிதருடைய உச்சத் துடிப்பையும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்தச் சோதனையிலிருந்து அவருக்கே அவருக்கென்று ஒரு வரைபடம் பிறக்கிறது! ஒலிம்பியாதொப்பன் என்பது நார்வேயின் உயர்நிலை விளையாட்டு வீரர்களைக் கவனித்துக்கொள்ளும் அமைப்பு. அது வகுத்த அளவுகோலில் நெடுந்தூரப் பயிற்சிக்கு ஐந்து மண்டலங்கள் உண்டு. உச்சத் துடிப்பில் ஏறக்குறைய 72 சதவீதம் வரை முதல் மண்டலம். 82 வரை இரண்டாவது, 87 வரை மூன்றாவது, 92 வரை நான்காவது, அதற்கு மேல் ஐந்தாவது. வீரர்களின் பேச்சிலும் இந்த எண்கள்தான் புழங்கும். “இன்னைக்கு என்ன?” “ஒண்ணுல ரெண்டு மணி நேரம்.” அவ்வளவுதான், பயிற்சித் திட்டம் முடிந்தது!

220-லிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு வந்துவிடும் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம் அல்லவா? அந்தக் கணக்குக்கு இந்த அறையில் மரியாதை குறைவு. ஒரே வயதுள்ள இரண்டு பேருக்கு உச்சத் துடிப்பு 20 வரை வித்தியாசப்படுவது சாதாரணம். சூத்திரத்தை நம்பி இறங்கினால் ஒருவருடைய முதல் மண்டலம் இன்னொருவருடைய மூன்றாவது மண்டலமாகிவிடும். அதனால்தான் ஆளுக்கு ஆள் சொட்டு சொட்டாக இத்தனை மெனக்கெடல்!

இரண்டாவது கதவு: பட்டை பிறந்த கதை

பட்டை வருவதற்கு முன்னால் என்ன செய்தார்கள்? ஓடி நிறுத்தி, கழுத்தில் விரல் வைத்து 10 விநாடி எண்ணி, ஆறால் பெருக்கினார்கள். பயிற்சி பெற்ற இதயமோ, நின்ற மாத்திரத்தில் மளமளவென்று இறங்கிவிடும். விரல் நாடியைத் தேடிப் பிடிப்பதற்குள் உண்மையான எண் ஓடிப்போயிருக்கும்!

1970-களில் ஃபின்லாந்தின் வடபகுதியில், ஊலு பல்கலைக்கழகத்தில் செப்போ சாய்னாயாகங்காஸ் என்ற மின்னணுவியல் பேராசிரியர் இருந்தார். பனிச்சறுக்குப் பாதையில் பயிற்சியாளரான நண்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது இந்தக் குறை அவர் காதுக்கு வந்தது. சறுக்கிக்கொண்டிருக்கும்போதே துடிப்பைச் சரியாக அளக்க வழி இல்லையே! பேராசிரியர் அந்தக் கேள்வியை விடவில்லை. 1977-ல் ஊலுவுக்குப் பக்கத்தில் கெம்பெலே என்ற ஊரில் போலார் எலெக்ட்ரோ நிறுவனத்தைத் தொடங்கினார். 1982-ல் உலகின் முதல் கம்பியில்லா இதயத் துடிப்புக் கருவி வெளிவந்தது. நெஞ்சில் பட்டை, மணிக்கட்டில் கடிகாரம், நடுவில் கம்பி கிடையாது!

அந்தப் பட்டைக்குள் நடப்பதைக் கேளுங்கள். இதயம் ஒவ்வொரு முறை சுருங்குவதற்கு முன்னும் ஒரு சின்ன மின்னலை உடம்பெங்கும் அனுப்புகிறது. தோலில் ஒட்டியிருக்கும் இரண்டு மின்முனைகள் அதைப் பிடித்துவிடுகின்றன. மருத்துவமனையில் இசிஜி எடுப்பதும் இதே அடிப்படையில்தான். தோல் காய்ந்திருந்தால் மின்சாரம் சரியாகக் கடக்காது. ஆகவே கட்டுவதற்கு முன் பட்டையின் உட்புறத்தை நனைத்துக்கொள்வார்கள். குளிர் கொல்லும் காலை நேரத்தில் ஈரப் பட்டையை நெஞ்சில் வைப்பதுதான் அன்றைய முதல் வீரச்செயல்!

ஆரம்ப காலக் கருவிகள் துடிப்பை மெல்லிய காந்தப்புலமாகக் கடிகாரத்துக்கு அனுப்பின. அதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு பேர் தோளோடு தோள் உரசிக்கொண்டு போனால் ஒருவருடைய இதயம் மற்றவருடைய கடிகாரத்தில் துடிக்கும்! ஒவ்வொரு பட்டைக்கும் தனிக் குறியீடு கொடுத்த பிறகுதான் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

இப்போதுதான் மணிக்கட்டுக் கடிகாரமே அளந்துவிடுகிறதே என்கிறீர்களா? அதன் அடியில் மினுக்கும் பச்சை வெளிச்சம் தோலுக்குள் போய், ரத்தம் ஏறி இறங்குவதைப் பார்த்துத் துடிப்பை ஊகிக்கிறது. அருமையான வேலைதான். ஆனால் குளிரில் கைக்கு வரும் ரத்தம் குறைந்துவிட்டால் அது தடுமாறும். ஓடும்போது சில நேரம் இதயத்தை விட்டுவிட்டுக் காலடிகளை எண்ணத் தொடங்கிவிடும். கடும் பயிற்சியில் ஒவ்வொரு துடிப்பும் முக்கியம் என்று நினைப்பவர்கள் இன்றும் பட்டையைத்தான் கட்டுகிறார்கள்.

மூன்றாவது கதவு: சுமைக் கணக்கு

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் தருகிற அறை இதுதான்! ஒருவர் இரண்டு மணி நேரம் மெதுவாக ஓடினார். இன்னொருவர் அரை மணி நேரம் உயிரைக் கொடுத்து ஓடினார். யாருடைய உடம்பில் அதிகச் சுமை ஏறியது? கிலோமீட்டர் இதற்குப் பதில் சொல்லாது. இதயம் சொல்லும்.

முதல் சாவியைக் கொடுத்தவர் ஃபின்லாந்தின் மார்த்தி கார்வோனன். 1957-ல் வெளியான அவருடைய ஆய்வு, துடிப்பைப் பூஜ்யத்திலிருந்து அளக்காமல், ஓய்வுத் துடிப்பிலிருந்து உச்சத் துடிப்பு வரையுள்ள இடைவெளியில் அளந்தது. ஓய்வில் 40, உச்சத்தில் 190 என்றால் கையிருப்பு 150. துடிப்பு 115-ஐத் தொட்டால் அந்தக் கையிருப்பில் சரிபாதி செலவாகிறது.

இரண்டாவது சாவி, கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் இருந்த எரிக் பானிஸ்டருடையது. நிமிடத்தையும் கையிருப்பின் பங்கையும் பெருக்கினால் மட்டும் போதாது என்று அவர் கண்டார். வேகம் கூடக் கூட லாக்டேட் நேர்கோட்டில் ஏறுவதில்லை, செங்குத்தாகப் பாய்கிறது. அதே வளைவில் ஏறும் ஒரு எடையையும் சேர்த்துப் பெருக்கினார். டிரிம்ப் என்ற பயிற்சிச் சுமைப் புள்ளி பிறந்தது!

போட்டுப் பார்ப்போமா? நம்முடைய 40–190 வீரரையே எடுத்துக்கொள்வோம். 115 துடிப்பில் இரண்டு மணி நேரம் போனால், ஆண்களுக்கான பானிஸ்டர் சூத்திரப்படி ஏறக்குறைய 100 புள்ளி. 175 துடிப்பில் போனால் அதே 100 புள்ளியை எட்ட எவ்வளவு நேரம் ஆகும்? 31 நிமிடம்தான்! துடிப்பு ஒன்றரை மடங்குதான் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு நிமிடத்தின் சுமையோ கிட்டத்தட்ட நான்கு மடங்காகிவிட்டது. கடிகாரத்தால் ஒப்பிட முடியாத இரண்டு பயிற்சிகளை இதயம் ஒரே தராசில் நிறுத்திவிட்டது பாருங்கள்!

இந்தத் தராசை ஸ்பெயினின் அலெஹாண்ட்ரோ லூசியா குழு மிதிவண்டிப் பந்தயங்களுக்குக் கொண்டுபோனது. கணக்கை எளிமையாக்கி, துடிப்பை மூன்றே மண்டலங்களாகப் பிரித்து, அவற்றுக்கு 1, 2, 3 என்று மதிப்பெண் போட்டது. மூன்று வாரம் நடக்கும் டூர் தெ ஃபிரான்ஸ், ஸ்பெயினின் வுவெல்டா ஆகிய இரண்டில் எது கடினம் என்ற கேள்வியை வீரர்களின் துடிப்பிடமே கேட்டது! மொத்தச் சுமை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று பதில் வந்தது.

பானிஸ்டர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒவ்வொரு பயிற்சியும் உடம்பில் ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை விட்டுப்போகிறது: தகுதி, களைப்பு. களைப்பு பெரிதாக எழும்பி விரைவில் தேயும். தகுதி சிறிதாக எழும்பி மெதுவாகத் தேயும். அவருடைய மாதிரியில் களைப்புக்குச் சுமார் 15 நாள் கணக்கு, தகுதிக்குச் சுமார் 45 நாள் கணக்கு. மண் சாலையில் பேருந்து போனதும் கிளம்பும் புழுதியை நினைத்துக்கொள்ளுங்கள். புழுதி அடங்கினால்தானே பேருந்து எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும்! பெரிய போட்டிக்கு முந்தைய வாரங்களில் பயிற்சியைக் குறைப்பது இதற்காகத்தான். தினசரிச் சுமைப் புள்ளிகளை வரிசையாக வைத்தால், எப்போது குறைக்கத் தொடங்கலாம் என்று திட்டமிட ஒரு கணக்கு கிடைத்துவிடுகிறது.

நான்காவது கதவு: நடந்து போகும் சாம்பியன்கள்

இப்போது அந்தப் பெரிய ரகசியத்துக்கு வருவோம். நார்வேயின் நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீராங்கனை மாரிட் பியோர்கன்! 15 ஒலிம்பிக் பதக்கங்கள், அதில் 8 தங்கம். 2015 கடைசியில் குழந்தை பெற்று, 2017-ல் லாத்தி நகரில் நடந்த உலகப் போட்டியில் நான்கு தங்கம் வென்றவர். 2018-ல் தென்கொரியாவில் 30 கிலோமீட்டர் பந்தயத்தை வென்று ஒலிம்பிக்கிலிருந்து விடைபெற்றவர்.

அவர் பல ஆண்டுகளாக எழுதி வைத்த பயிற்சி நாட்குறிப்புகளை நார்வே ஆய்வாளர்கள் 2017-ல் அலசி வெளியிட்டார்கள். படிக்கப் படிக்கச் சிலிர்க்கிறது! 20 வயதில் ஆண்டுக்கு 522 மணி நேரமாக இருந்த பயிற்சி, படிப்படியாக 940 மணி நேரத்தைத் தொட்டது. வாரத்துக்குச் சராசரியாக 18 மணி நேரம்! அதிகம் வென்ற ஆண்டுகளில், அவருடைய நெடுந்தூரப் பயிற்சி நேரத்தில் 100-க்கு 92 பங்கு குறைந்த தீவிரத்தில் நடந்தது. அதாவது, பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில்! கடும் வேகத்துக்கு ஒதுக்கியது 5 பங்குகூட இல்லை.

ஸ்டீஃபன் சைலர் அமெரிக்காவில் பிறந்து நார்வேயில் குடியேறிய விளையாட்டு அறிவியலாளர். காட்டுப் பாதையில் ஓடிவந்த ஒரு பனிச்சறுக்கு வீராங்கனை, மேடு வந்ததும் ஓட்டத்தை நிறுத்தி நடக்கத் தொடங்கியதைக் கண்டு வியந்த கதையை அவர் மேடைகளில் சொல்வதுண்டு. மேட்டில் ஓடியிருந்தால் துடிப்பு முதல் மண்டலத்தைத் தாண்டியிருக்கும். தாண்டக் கூடாது என்பதற்காக நடந்தார்! சைலரும் அவருடைய சகாக்களும் பல விளையாட்டுகளின் பயிற்சிப் பதிவுகளைப் புரட்டினார்கள். உச்சியில் இருப்பவர்களுடைய பத்துப் பயிற்சிகளில் ஏறக்குறைய எட்டு இலகுவானவை என்று தெரிந்தது.

ஏன் இந்த நிதானம்? 2007-ல் சைலர் குழு வெளியிட்ட ஓர் ஆய்வு அழகாக விளக்குகிறது. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலுள்ள நேரம் எப்போதும் சீராக இருக்காது. மில்லிவிநாடி அளவில் கூடும், குறையும். உடம்பு ஓய்வில் இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் அதிகம், நெருக்கடியில் இருந்தால் குறைவு. நன்கு பயிற்சி பெற்றவர்கள் மெதுவான வேகத்தில் இரண்டு மணி நேரம் போய் வந்தாலும், அந்த ஏற்ற இறக்கம் சில நிமிடங்களிலேயே பழைய நிலைக்குத் திரும்பியது. வேகம் ஒரு எல்லையைத் தாண்டிவிட்டால் மீள்வதற்குக் கூடுதல் நேரம் பிடித்தது. நம்முடைய இரண்டு 100 புள்ளிகளும் தராசில் சமம்தான், உடம்பில் சமமில்லை! மெதுவான 100-ஐ நாளையும் செய்யலாம், மறுநாளும் செய்யலாம். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவும், தசைக்குள் ஓடும் நுண்குழாய்களும் இப்படி அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியில்தான் வளர்கின்றன.

கேட்கச் சுலபம், செய்வது கஷ்டம். உடம்பில் தெம்பு பொங்கும் ஒரு சாம்பியனைப் பின்னாலிருந்து ஒருவர் முந்திப்போனால் கால் சும்மா இருக்குமா? அந்த நொடியில்தான் கடிகாரம் ‘பீப்’ என்கிறது. எல்லையைத் தாண்டிவிட்டீர்கள், குறையுங்கள்! கடினமான நாளில் முழுத் தெம்போடு பாய்வதற்காக, இன்று தெம்பைத் தொடாமல் வைக்கச் சொல்கிறது.

ஐந்தாவது கதவு: இதயம் சொல்லாததைக் கேட்பது

பட்டையை உயிராக நேசிக்கும் பயிற்சியாளர்களுக்கு அதன் எல்லையும் தெரியும். வேகத்தைக் கூட்டினால் துடிப்பு உடனே ஏறுவதில்லை. பின்தொடர்ந்து வர நேரம் எடுக்கும். 20 விநாடிப் பாய்ச்சலில் கால் எரியும், எண்ணோ நிதானமாகத்தான் ஏறும். வெயிலும் நீரிழப்பும் சேர்ந்தால், அதே வேகத்திலேயே துடிப்பு மெல்ல மேலே நகர்ந்துகொண்டிருக்கும். சென்னையில் மே மாதக் காலையில் ஓடிப் பார்த்தவர்களுக்கு இது அத்துப்படி. தூக்கமின்மை, மலை உயரம், காய்ச்சலின் ஆரம்பம் எல்லாம் எண்ணில் கை வைக்கும்.

அதனால் பட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு எளிய கருவியும் உட்கார்ந்திருக்கிறது. அது ஒரு கேள்வி! பயிற்சி முடிந்து சிறிது நேரம் கழித்து, “எவ்வளவு கஷ்டமா இருந்தது? பத்துக்கு எத்தனை?” என்று கேட்பார்கள். வரும் எண்ணை நிமிடங்களால் பெருக்கினால் அதுவும் ஒரு சுமைக் கணக்கு. அமெரிக்காவின் கார்ல் ஃபாஸ்டர் வளர்த்தெடுத்த முறை இது. செலவு எதுவும் கிடையாது, உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது!

இந்த இரண்டு எண்களும் முரண்படும்போதுதான் பயிற்சியாளரின் காது கூர்மையாகிறது. துடிப்பு குறைந்தால் நல்லது என்று நாம் நினைப்போம். அளவுக்கு மீறிக் களைத்துப்போன வீரருக்கும் துடிப்பு குறையும்! முழு மூச்சாக முயன்றாலும் உச்சம் வரை ஏறாது. ‘துடிப்பு கம்மி, ஆனா கால் இரும்பா கனக்குது’ என்று ஒருவர் சொன்னால் அன்றைய கடும் பயிற்சி ரத்து. வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொல்வார்கள்.

திரைமறைவில் மிகப் பெரிய கொண்டாட்டம்

தென்னாப்பிரிக்காவின் ராபர்ட் லாம்பர்ட்ஸும் மைக் லாம்பர்ட்டும் மிதிவண்டி வீரர்களுக்கென ஒரு சின்னச் சோதனையை வகுத்தார்கள். உச்சத் துடிப்பில் 60 சதவீதத்தில் 6 நிமிடம், 80-ல் 6 நிமிடம், 90-ல் 3 நிமிடம். பிறகு 90 விநாடி சும்மா உட்கார வேண்டும். அதே துடிப்பில் எத்தனை வாட் சக்தி வருகிறது, எவ்வளவு கஷ்டமாகத் தோன்றுகிறது, நிறுத்தியதும் துடிப்பு எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்று மூன்றையும் குறிப்பார்கள். கால் மணி நேரத்துச் சூடேற்றமே பரிசோதனையாகிவிடுகிறது!

அந்த மூன்றும் கைகோத்து முன்னேறும் நாள் இருக்கிறதே, பதக்கம் வாங்கும் நாளுக்குக் கொஞ்சமும் குறைந்தது கிடையாது. அதே துடிப்பில் கூடுதல் வாட். அதே வாட்டில் குறைந்த சிரமம். நிறுத்தியதும் விறுவிறுவென்று இறங்கும் எண். மாதக்கணக்கில் பொறுமையாகப் போன மெதுவான மணி நேரங்கள் எல்லாம் பலித்துவிட்டன என்பதற்கான சான்று அது. பார்வையாளர்களும் கைத்தட்டலும் இல்லாமல், பயிற்சியாளரும் வீரரும் ஒரு திரையைப் பார்த்துத் துள்ளிக் குதிக்கும் தருணம்!

நீங்கள் ஓடுபவராக இருந்தாலும், மிதிவண்டி மிதிப்பவராக இருந்தாலும், நாளையிலிருந்து நடக்கத் தொடங்க நினைப்பவராக இருந்தாலும்கூட, இந்தப் பயணத்திலிருந்து ஒரு விஷயத்தை எடுத்துப்போங்கள். பட்டை வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் பேசிக்கொண்டே போக முடிகிற வேகமே உங்கள் முதல் மண்டலம். யாராவது முந்திப்போனால் போகட்டும், மேடு வந்தால் நடங்கள். மெதுவான நாளை மெதுவாகவே விடத் தெரிந்தவர்கள்தான் வேகமான நாளில் பறக்கிறார்கள். பியோர்கனின் நாட்குறிப்பு பக்கம் பக்கமாக அதைத்தான் சொல்கிறது!